நாவல் மரத்தடி நாற்காலி

மே 2, வெள்ளி

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது: எங்கள் வீட்டின் கடைசிச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இன்று காலை எட்டு பத்துக்குக் கால் முறிந்து காலமானது. சம்பவ நேரத்தில் அதைப் பின்னங்கால் இரண்டில் மட்டும் நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்து சாதனை படைத்துக்கொண்டிருந்தவன் அடியேன். மண்டையில் வீக்கம். ஓடி வந்த அம்மா முதலில் தூக்கிப் பார்த்தது நாற்காலியைத்தான்.

"இனிமே தரையில குந்து. உனுக்கு அதான் சரி." தீர்ப்பு முடிந்தது.

வடக்கனந்தலில் கடைகள் வழக்கம்போல் திறந்திருந்தன. அக்கா சங்கவி மட்டும் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தாள். நாற்காலி உடைந்ததைவிட அதுதான் பெரிய செய்தி.

மே 4, ஞாயிறு

வரலாறு! பிற்கால ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளவும்.

கலைவாணன் மாமா, அம்மாவின் தம்பி, குட்டி யானை வைத்திருக்கிறார். நான்கு சக்கர யானை. பலாப்பழ லோடு எடுக்க வெள்ளிமலைக்குக் கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். வளைவெல்லாம் ஏறி முடித்து, வெள்ளிமலைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது யானைக்கு மூச்சு வாங்கியது. மாமா தண்ணீர் பிடிக்க ஓடைப் பக்கம் இறங்கினார். நான் சும்மா நடந்தேன்.

சாலையோரம் ஒரு நாவல் மரம். மரத்தடியில் ஒரு நாற்காலி.

கடையில்லை, வீடில்லை, ஆளில்லை. சின்னப் பிள்ளை படம் வரையும்போது நாற்காலியை வரைந்துவிட்டு வீட்டை வரைய மறந்த மாதிரி இருந்தது. கைப்பிடி வைத்த பழைய மர நாற்காலி. மழை குடித்து, வெயில் குடித்து, கறுத்துப்போன மரம். உட்கார்ந்தேன். கைப்பிடி என் முழங்கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. ஐந்து நிமிடம் அசையவில்லை. நான்! பள்ளியில் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் வாத்தியார் காய்ச்சலா என்று கேட்பார்.

எனக்கு அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏன் என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு வரும் எதுவும் எனக்கென்று வந்ததில்லை. சைக்கிள், போர்வை, ஸ்கூல் பை எல்லாம் சங்கவி வைத்திருந்து கீழே இறங்கியவை. ஜாமென்ட்ரி பாக்ஸ் மூடியில் இன்றும் அவள் பெயர் ஆணியால் கீறியிருக்கிறது. சங்கவி உட்காராத நாற்காலி உலகத்தில் இது ஒன்றுதான்.

திருடவில்லை. முறைப்படி கேட்டேன். பெரிய மீசை வைத்த பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். "யாருதும் இல்ல தம்பி, மழைல கெடக்குது, எடுத்துக்கினு போ" என்றார். என் பேச்சுத் திறமை அப்படி. மாமாவிடமும் இதைத்தான் சொன்னேன்.

"நெசமா கேட்டியாடா?"

"மீசை மேல ஆணை மாமா."

"யாரு மீசை?"

"அவுரு மீசைதான். எனுக்கு ஏது?"

மாமா சிரித்துவிட்டார். பலாப்பழங்களுக்கு நடுவே சிம்மாசனம் மலையிறங்கியது. இதுவரை பெயரில் மட்டும் இளவரசன்.

மே 5, திங்கள்

முதல் நாள் ஆய்வு. மரம் தேக்கு என்கிறார் மாமா. வேங்கை என்கிறார் அப்பா. மூட்டைப்பூச்சி என்கிறார் அம்மா.

வலது கைப்பிடி முழுக்க ஓட்டைகள். ஊசி முனை அளவு. இருநூற்று நாற்பது வரை எண்ணினேன், அதற்குமேல் கண்ணில் பூச்சி பறந்தது. கரையானா? கரையான் இத்தனை பொறுமையாக ஒரு கைப்பிடியை மட்டும் தின்னுமா? இடது கைப்பிடி வழுவழுவென்று இருக்கிறது, அதை மட்டும் யாரோ அழுத்திப் பிடித்துப் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள். பலகை இடுக்கில் நூல் துணுக்குகள். சிவப்பு, ஊதா, பாட்டில் பச்சை. காட்டுக்குள் எதற்கு நூல்?

ஒரே ஒரு குறை. நம் வீட்டுத் தரையில் வைத்தால் நாற்காலி இடப்பக்கமாகச் சாய்கிறது.

மே 6, செவ்வாய்

தடையை மீறி சங்கவி உட்கார்ந்தாள். இடப்பக்கமாகச் சரிந்து சுவரில் முட்டிக்கொண்டாள். சிம்மாசனத்துக்கு ஆள் தெரிகிறது.

மே 8, வியாழன்

என்னையும் சரிக்கிறது. ஆகவே ஆள் தெரியவில்லை.

மாமாவின் சிநேகிதர் அய்யப்பன், கச்சிராயபாளையத்தில் தச்சுப்பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கவிழ்த்துப் போட்டு, காலைத் தடவி, நெற்றியைச் சுருக்கினார்.

"டேய், இது தேஞ்சது இல்ல. ரம்பம் போட்டு அறுத்தது. இடப்பக்கத்து ரெண்டு காலையும் ஒரே அளவா, மூணு விரக்கட கம்மியா அறுத்துருக்கான். வேணும்னே பண்ண வேல."

"குடிச்சிட்டுப் பண்ணியிருப்பாங்கண்ணே."

"குடிச்சவன் வெட்டுனா இவ்ளோ நேரா வராது. எதுக்குன்னு தெரியாம கை வெக்கறது எனுக்குப் புடிக்கல."

நான் விடவில்லை. வலப்பக்கத்து இரண்டு காலையும் மூன்று விரற்கடை அறுக்கச் சொன்னேன். இரண்டு துண்டுகள் கீழே விழுந்தன. நாற்காலி சமமாக நின்றது. நீதி நிலைநாட்டப்பட்டது.

துண்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றை அம்மா சமையலறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

மே 10, சனி

தெருப் பையன்கள் பார்வையிட வந்தார்கள். தியாகதுருகம் கோட்டைத் தளபதி அமர்ந்த நாற்காலி என்று சொன்னேன். கைப்பிடி ஓட்டைகள் போரில் அம்பு பட்டவை. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சங்கவி குரல்:

"உன் தளபதி இன்னாடா, எறும்போட சண்ட போட்டாரா?"

கூட்டம் கலைந்தது.

ஆனால் உண்மையிலேயே அந்த ஓட்டைகள் என்ன?

மே 12, திங்கள்

கண்டுபிடித்தேன்! அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஓர் ஓட்டைக்குள் ஏதோ மின்னியது. சேப்டி பின்னைக் கொண்டு நெம்பினேன். ஒடிந்த ஊசியின் முனை.

தைக்கிற யாரோ ஒருவர் நூலை மாற்றும்போதெல்லாம் ஊசியைக் கைப்பிடியில் குத்தி வைத்திருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில். நூல் துணுக்குக்கும் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் காட்டு மரத்தடியில் உட்கார்ந்து யார் தைப்பார்கள்? ஏன் அங்கே?

இது தெரியாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும். நாளைக்கே பஸ் பிடிக்கலாம் என்றால் அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்கச் சொல்கிறார். புதன்கிழமை கிளம்புகிறேன். துப்பறியும் இளவரசன்.

மே 14, புதன்

தரையில் குந்தி எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலை பஸ். ஏழரை பஸ் என்பார்கள், நாவல் மரத்துக்கு ஏழரைக்கும் வரும், ஒன்பதுக்கும் வரும். பெயரிலேயே சனி. நான் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து மரத்தைத் தேடிக்கொண்டே வந்தேன். மரம் வந்தது. பஸ்ஸும் நின்றது.

மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் அக்கா நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இடது கால் சூம்பியிருந்தது, போலியோ. தோளில் துணிப்பை. முகமெல்லாம் வேர்வை. கண்டக்டர் ராமசாமி இறங்கிக் கைகொடுத்து ஏற்றினார்.

"இன்னா வெள்ளச்சி, நாற்காலி வந்துச்சா?"

"எங்க வருது? பதினோரு வருசம் அங்கியே கெடந்துச்சு. ஆடு ஏறும், கொரங்கு ஏறும், ஒரு மனுசன் தொட்டதில்ல. பத்து நாளாச்சி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் முழுக்க அந்தப் பேச்சுதான். அவர் வெள்ளிமலையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார். பஸ் எப்போது வரும் என்று தெரியாததால் ஏழு மணிக்கே வந்துவிட வேண்டும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நிற்க அந்தக் காலால் முடியாது. தரையில் உட்கார்ந்தால் தனியாக எழுந்திருக்க முடியாது, அதற்குள் பஸ் போய்விடும். அதற்குத்தான் அவர் தம்பி ஆண்டி அந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். காத்திருக்கும் நேரத்தில் மடியில் துணியை வைத்துக்கொண்டு ஓரம் தைப்பாராம். ஊசியைக் கைப்பிடியில் குத்தி வைப்பாராம்.

பத்து நாளில் நாலு நாள்தான் வேலைக்குப் போயிருக்கிறார். நிற்க முடியாமல் பாதியில் திரும்பிவிட்டாராம். ஸ்கூல் திறக்கப் போகிறது, யூனிபார்ம் தைக்கிற நேரம். கடைக்காரர் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்கிறாராம்.

"வெளிய வெச்சது தப்பு வெள்ளச்சி" என்றார் ஒருவர்.

"வெளியதான வெக்கணும்? பஸ்சு எங்க வூட்டுக்குள்ளயா வருது?"

"கீழ்நாட்டுக்காரன் எவனாச்சும் தூக்கினு போயிருப்பான். வெளிய கெடந்தா வேணாம்னு போட்டதுன்னு நெனப்பானுங்க."

முன் சீட்டில் தேன் கேனை மடியில் வைத்திருந்தவர் திரும்பி, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "எவன் எடுத்தானோ அவனுக்கு உக்கார்ற எடத்துல கட்டி வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே.

திரும்பும் பஸ்ஸில் மரத்தடியில் இறங்கினேன். மண்ணில் நாற்காலிக் கால் பதிந்த நான்கு குழிகள். சாலை ஏறுகிற இடம் அது, தரையே சரிவு. இரண்டு குழி மேட்டில், இரண்டு குழி பள்ளத்தில். விரலை வைத்து அளந்தேன். மூன்று விரற்கடை.

மேட்டுப் பக்கத்துக் காலைக் குட்டையாக அறுத்து, இந்தச் சரிவில் சமமாக நிற்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். அது கோணல் நாற்காலி இல்லை. எங்க வூட்டுத் தரைக்குத்தான் அது கோணல். நான் இன்னா பண்ணிட்டேன்? இப்போ இங்க வெச்சாலும் அவுங்க பள்ளத்துப் பக்கம் சாஞ்சி விழுவாங்களே—

மே 16, வெள்ளி

பத்தாவது ரிசல்ட். பாஸ். ஊருக்கே சொல்லிக்கொள்கிற மதிப்பெண் இல்லை. அம்மா கேசரி செய்து, "உக்காந்து சாப்புடுடா" என்றார்.

நின்றபடியே சாப்பிட்டேன். கட்டி வந்துவிட்டது. சரியாக அங்கேதான்.

வேனல் கட்டி, சூட்டுக்கு வருவது என்கிறார் அம்மா. எனக்குத் தெரியும், அது தேன் கேன்காரர் அனுப்பியது.

மே 19, திங்கள்

ஜன்னல் முட்டுக்கட்டையைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியுடன் அய்யப்பன் அண்ணனிடம் போனேன். ஒட்டித் தரச் சொன்னேன்.

"அன்னிக்கி அறுக்கச் சொன்ன. இந்த வாரம் ஒட்டச் சொல்ற. அடுத்த வாரம் இன்னா, பறக்க வெக்கணுமா?"

சரிவைப் பற்றிச் சொன்னேன். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அவர் ரம்பத்தைத் துடைத்து வைத்தார். பிறகு கட்டையாணி அடித்து, பசை போட்டு, குறுக்கே பட்டையும் வைத்துத் தந்தார். நாற்காலி மறுபடியும் இடப்பக்கமாகச் சாய்ந்தது. எவ்வளவு அழகாகச் சாய்கிறது.

பட்டறை வாசலில் ஒரு முறை கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தேன். உட்காரவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. கட்டி.

மே 22, வியாழன்

மாவீரன் இளவரசனின் மலைப்பயணம்!

அம்மாவிடம் மீசைக்காரர் திருப்பிக் கேட்கிறார் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை ஏழரை பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் ராமசாமி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"அடேய்! இது வெள்ளச்சி நாற்காலியாச்சே! எங்கடா புடிச்ச?"

உண்மையைச் சொல்லும் வாக்கியம் எல்லாவற்றையும் இரண்டு நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு ஒன்று வந்தது.

"கோமுகி டேம்கிட்ட கரும்புத் தோட்டத்து ஓரமா கெடந்துச்சிண்ணே. பேச்சு காதுல வுழுந்திருந்துச்சா, அதான் எடுத்தாந்தேன்."

கைதட்டினார்கள். மனசாரத் தட்டினார்கள். டிரைவர் ஒரு முறை ஹாரன் அடித்தார். நாவல் மரத்தடியில் நாற்காலியை நானே இறக்கி, நான்கு காலையும் நான்கு குழியில் வைத்தேன். பொருந்தியது. வெள்ளச்சி அக்கா உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், குனிந்து காலைத் தடவினார்.

"ஒட்டிருக்கே?"

"எடுத்தவன் அறுத்துட்டான் போலக்கா. நாந்தான் ஆசாரிகிட்ட குடுத்து ஒட்டியாந்தேன்."

இதில் பாதி உண்மை என்பதைப் பதிவு செய்கிறேன்.

"யாரு பெத்த புள்ளையோ" என்று என் கன்னத்தைத் தொட்டார். பஸ்ஸை நிறுத்திவைத்து, மேட்டு வீட்டிலிருந்து ஆண்டியைக் கூப்பிட்டு, ஒரு பலாப்பழம் கொண்டுவரச் சொல்லி என் கையில் வைத்தார். சின்னப் பழம் இல்லை. பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டேன்.

பாராட்டு, பரிசு, பொதுமக்கள் கரவொலி. வேறென்ன வேண்டும்?

மே 24, சனி

பழம் பழுத்தது. வீடே மணக்கிறது. தேன் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். நான் நான்கு சுளை சாப்பிட்டேன். ஐந்தாவதைச் சங்கவியிடம் கொடுத்துவிட்டேன்.

கட்டி உடைந்து ஆறிவிட்டது. இப்போது எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். உட்காரத்தான் பிடிக்கவில்லை.

மே 26, திங்கள்

போனேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பாட்டில் பச்சைப் பாவாடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். பஸ் என்னை இறக்கிவிட்டு அவரை ஏற்றிக்கொள்ள வேண்டும், அந்த நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"அக்கா, கரும்புத் தோட்டம் இல்ல. நாந்தான் தூக்கினு போனேன். கால அறுத்ததும் நாந்தான்."

ஊசியைக் கைப்பிடியில் குத்தினார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்டக்டர் விசில் அடித்தார். அக்கா இடது கைப்பிடியை அழுத்தி எழுந்து, படியேறினார். ஏறிய பிறகு திரும்பினார்.

"அந்தப் பலாப்பழத்தத் திருப்பிக் குடு."

"தின்னுட்டோமேக்கா."

"நல்ல புள்ளைக்குன்னு குடுத்தது அது. உனுக்குக் குடுத்தது இல்ல. எங்கனா வாங்கியாந்து இங்க வெச்சிட்டுப் போ."

பஸ் போய்விட்டது.

மே 29, வியாழன்

கள்ளக்குறிச்சி மார்க்கெட். விசாரித்ததில் எல்லாப் பழமும் வெள்ளிமலை இருக்கும் அதே கல்வராயன் மலையிலிருந்து வந்ததாம். சைக்கிளை மாமாவின் சிநேகிதர் மகனுக்கு இரண்டு வாரம் வாடகைக்கு விட்டு, ஒரு பழம் வாங்கினேன். கொடுத்ததைவிட ஒரு பிடி பெரியது.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. பதினொன்றாம் வகுப்பு.

நேற்று பழத்துடன் ஏழரை பஸ். மலையிலிருந்து கீழே பழம் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள், கீழேயிருந்து மேலே ஏறிப் பார்த்ததில்லை. கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கடைசியில் கண்டக்டர்:

"இன்னாடா இது, மலைக்கே பலாப்பழமா? நாளைக்கு இன்னா, கோமுகிக்குத் தண்ணி கொண்டாருவியா?"

சொன்னேன். முதலிலிருந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. குட்டி யானை, ரம்பம், பசை, கரும்புத் தோட்டம். யாரும் கைதட்டவில்லை. பிறகு முன் சீட்டிலிருந்து, அதே தேன் கேன், அதே ஆள்:

"கட்டி வந்துச்சா?"

"வந்துச்சிங்க."

பஸ் குலுங்கியது, பள்ளம் எதுவும் இல்லாமலே. கண்டக்டர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கழுத்துவரை சிவந்து பலாப்பழத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நாவல் மரத்தடியில் வெள்ளச்சி அக்கா பழத்தைத் தட்டிப் பார்த்தார், காம்பை முகர்ந்தார். "கடக்காரன் உன்ன ஏமாத்திட்டான். இது காயி. பழுக்க இன்னும் நாலஞ்சு நாளாவும்" என்றார். மரத்தின் பின்னால் நிழலில் உருட்டி வைத்தார். யாரும் எடுக்க மாட்டார்கள். கடையில் வேலை போகவில்லை, யூனிபார்ம் இன்னும் நாற்பது பாக்கி என்று மட்டும் சொன்னார். அதை ஏன் எனக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. சொன்னது நிம்மதியாக இருந்தது.

அவரை ஏற்றிக்கொண்டு பஸ் போன பிறகு, கீழே போகிற பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். பக்கத்திலேயே நாற்காலி காலியாக இருந்தது. நின்றேன்.

இந்த நோட்டில் ஒரு திருத்தம் மட்டும் பாக்கி. மே 4-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன், கிழிக்கவில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் சேர்த்திருக்கிறேன், சங்கவி கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக:

பெரியவர் என்று யாரும் வரவில்லை. நான் யாரையும் கேட்கவில்லை. மீசையும் நான் வைத்ததுதான்.